‘மாயா’: பிடித்ததும் பிடிக்காததும்

வாழைச்சேனையிலிருந்து வாகரை போகும் பஸ்ஸில் ஒரு நாள் மாங்கேணிக்கு வந்துகொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த என் மருமகன் தன் போனில் ஒரு பாட்டைப் போட்டான். அரை நிமிடம் ஆகவில்லை. முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். “என்ன மனே இது, தகரத்தில கல்லெறியிற சத்தம்?”

“எங்கட ஆள் பாடினது அப்பு. லண்டன்ல இருக்கிற தமிழ்ப் புள்ள” என்றான் மருமகன்.

பெரியவர் சற்று யோசித்தார். “எங்கட புள்ளயா? அப்ப நல்லாத்தான் இருக்கும். போடு போடு.”

பிறகு மருமகன் என் பக்கம் திரும்பினான். “மாமா, நீங்க சொல்லுங்க. இது நல்ல பாட்டா, கூடாத பாட்டா?”

அன்று அவனுக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பாதி பிடித்திருக்கிறது, பாதி பிடிக்கவில்லை என்றால் மழுப்புகிறார் என்று நினைப்பான். அது மழுப்பல் இல்லை என்பதைக் கொஞ்சம் பொறுமையாக விளக்கத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பெரியவர் அரை நிமிடத்துக்குள் இரண்டு தீர்ப்புச் சொன்னார். முதல் தீர்ப்புக் காது சொன்னது. இரண்டாவதை உறவு சொன்னது. இரண்டுமே உண்மையான உணர்ச்சிதான். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதும்போதுதான் குழப்பம் வருகிறது.

அந்தப் பாட்டு மாயா என்று வீட்டார் அழைக்கும் மாதங்கி அருள்பிரகாசத்தின் மூன்றாவது இசைத்தொகுப்பில் உள்ளது. உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்று அறியும். 1975 ஜூலையில் லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். அங்கே வளர்ந்து, இடையில் சிறிது காலம் சென்னையில் இருந்து, 1986இல் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக லண்டன் திரும்பினார். தென்லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், அரசாங்கக் குடியிருப்பில் வாழ்க்கை. தாய் கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மாதங்கி ஓவியமும் திரைப்படமும் படித்தவர். இசை படித்தவர் இல்லை. எலாஸ்டிகா என்ற பிரித்தானியக் குழுவோடு கமராவைத் தூக்கிக்கொண்டு சுற்றியபோது ரோலண்ட் எம்.சி.505 என்ற சிறிய தாளப்பெட்டி அவர் கைக்கு வந்தது. அதில் தனியே அறைக்குள் இருந்து தட்டித் தட்டிச் செய்தவைதான் அவருடைய முதற் பாட்டுகள்.

முதல் தொகுப்பு 2005இல் வந்த ‘அருளர்’. அது தகப்பனாரின் இயக்கப் பெயர். இங்கே ஒரு பிழையைத் திருத்த வேண்டும். அருளர் புலிகள் இயக்கத்தவர் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் பலமுறை எழுதின. நம்மவர்களிலும் பலர் அப்படியே சொல்கிறார்கள். அவர் ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1977 கலவரத்தில் அகதிகளை வடக்கே ஏற்றிச்சென்ற கப்பலை வைத்து ‘லங்காராணி’ என்ற நாவலை எழுதியவரும் அவரே. இரண்டாவது தொகுப்பு 2007இல் வந்த ‘கலா’, தாயின் பெயர். மூன்றாவது 2010 ஜூலையில் வந்த ‘மாயா’, தன் பெயர். தகப்பன், தாய், தான் என்று ஒரு வரிசை. உலக விமர்சகர்கள் முதல் இரண்டையும் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மூன்றாவதில் இரண்டாகப் பிரிந்தார்கள். அமெரிக்காவின் பிட்ச்ஃபோர்க் பத்துக்கு 4.4 போட்டது. அதே தொகுப்புக்கு மூத்த விமர்சகர் ரொபர்ட் கிறிஸ்ட்கோ உயர்ந்த தரம் கொடுத்தார். காது உள்ள இரண்டு பேர் ஒரே பன்னிரண்டு பாட்டைக் கேட்டு எப்படி இவ்வளவு தூரம் விலகிப் போனார்கள்?

இதை விளங்கிக்கொள்ள முதலில் இந்த இசை எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிய வேண்டும்.

மின்னிசை என்றால் பொத்தானை அமத்தினால் பாட்டு வந்துவிடும் என்ற எண்ணம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. பொத்தானை அமத்தினால் வருவது ஒரு ஒலி மட்டுமே. அந்த ஒலிக்குப் பிறகு எந்த ஒலி, எவ்வளவு இடைவெளியில், எவ்வளவு உரத்து வர வேண்டும் என்று தீர்மானிப்பது மனிதர். கூத்துக் களரியில் அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டித் தாளக்கட்டைச் சொல்லி, ஆடுகிறவரின் காலை அதற்குள் இழுத்து வருகிறாரே, அதே வேலைதான். மத்தளத்துக்குப் பதில் இங்கே பெட்டி. நமக்கு இது புதிதும் இல்லை. ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினியைக் கொண்டு இசை செய்தது 1986இல். அந்தப் பாட்டுகளை வானொலியில் கேட்டு வளர்ந்த நாம், மின்னிசை நம்முடையது இல்லை என்று சொல்வது சரியில்லை.

ஒலியை எண்ணாக அறிய முனைந்த ஒருவரும் நம் மண்ணில் இருந்தார். காரைதீவில் பிறந்து கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்து போன யாழின் சுருதிகளைக் கணக்குப் போட்டு மீட்டெடுக்க நெடுங்காலம் உழைத்தார். அதன் பயனாக 1947இல் ‘யாழ் நூல்’ வெளிவந்தது. விஞ்ஞானம் படித்தவர் அவர். நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள விகிதத்தை அவர் எழுதிய விதத்தைப் பார்த்தால், இன்று கணினியில் ஒலி செய்பவர்களின் வேலை அவருக்கு அந்நியமாகப் பட்டிருக்காது என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த குழப்பம் ‘களவு’ என்ற பேச்சு. இன்னொருவரின் ஒலிப்பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, அதைச் சுழலவிட்டு, அதன்மேல் புதுப் பாட்டைக் கட்டுவது இந்த இசையில் வழக்கம். இதற்கு சாம்பிள் என்று பெயர். ‘கலா’ தொகுப்பின் முதற் பாட்டில், ‘தளபதி’ படத்துக்கு இளையராஜா போட்ட ‘காட்டுக்குயிலு’ பாட்டின் தாளம் ஓடுகிறது. அதே தொகுப்பிலுள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’, இங்கிலாந்தின் கிளாஷ் குழு 1982இல் வெளியிட்ட ஒரு பாட்டின் கிற்றார் துண்டின்மேல் எழுந்தது. கிளாஷ் குழுவினரின் பெயர்கள் பாட்டை ஆக்கியவர்களின் பட்டியலில் முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008இல் அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. எடுத்ததைச் சொல்லி, உரியவருக்குப் பங்கு கொடுத்து, எடுத்ததிலிருந்து வேறொன்றை ஆக்கினால் அதைக் களவு என்று சொல்லக்கூடாது. மட்டக்களப்புப் பறங்கியர் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் வயலின் வாசித்து ஆடிய கஃப்ரிஞ்ஞாவும், அதன் வழியில் வந்த பைலாவும், அதைத் தொட்டு எழுந்த நம் பொப்பிசையும் எங்கிருந்து வந்தன? சிலோன் மனோகரின் ‘சுராங்கனி’க்கு எழும்பி ஆடாத கலியாண வீடு நம் பக்கத்தில் உண்டா?

இனி நம் பெரியவர் கேட்ட தகரச் சத்தத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ‘மாயா’ பற்றிய சண்டை முழுவதும் இங்கேதான் நிற்கிறது.

பஸ்ஸில் ஓடிய பாட்டு ‘ஸ்டெப்பின் அப்’. அதில் துளைபோடும் மெஷினின் இரைச்சலும் மரம் அறுக்கும் வாளின் இரைச்சலும் தாளமாகவே அடுக்கப்பட்டிருக்கின்றன. தொகுப்பின் பல இடங்களில் ஒலி வேண்டுமென்றே உடைக்கப்பட்டிருக்கிறது. ஒலி என்பது அலை. கருவி தாங்கக்கூடிய உயரத்துக்கு மேல் அலையை ஏற்றினால் அதன் உச்சி தட்டையாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட இடத்தில், முதலில் இல்லாத கரகரத்த மேலொலிகள் புதிதாகப் பிறக்கும். கோயில் சடங்கில் லவுட்ஸ்பீக்கரை அளவுக்கு மேல் திருகியதும் பாட்டு கிழிந்து கேட்குமே, அதேதான். சவுண்ட் போடுகிறவர் அதைப் பிழை என்று உடனே குறைப்பார். ‘மாயா’வைச் செய்தவர்கள் அந்தப் பிழையையே ஒரு வாத்தியமாக எடுத்துக்கொண்டார்கள்.

இரைச்சல் இசைக்குப் பகை என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். ஆனால் நம் சடங்குகளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். பறையும் உடுக்கும் சேர்ந்து ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்து, வேகமும் உரப்பும் ஏறி ஏறி, தெய்வக்காரரின் உடல் நடுங்கத் தொடங்கும்வரை விடாது. அந்த நேரத்தில் யாரும் ராகம் கேட்பதில்லை. அங்கே ஒலிக்கு வேறு வேலை. ‘மாயா’வின் சிறந்த பாட்டுகள் அந்த வேலையைத்தான் செய்யப் பார்க்கின்றன.

ஆனால் பஸ்ஸில் அதைக் கேட்க முடியாது. மனிதக் காது விநாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை கேட்கும். இந்த வகை இசையின் அடித்தாளம் 40, 50 அதிர்வுகளில் இருக்கிறது. விரல்நகம் அளவுள்ள போன் ஸ்பீக்கருக்கு அந்த ஆழம் வராது. அது மேலே உள்ள கரகரப்பை மட்டும் கொடுத்துவிட்டு அடியை விழுங்கிவிடும். தொகுப்பின் சில பாட்டுகளைச் செய்த ரஸ்கோ, டப்ஸ்டெப் என்ற இசை வகையின் ஆள். அந்த வகை 2000ஆம் ஆண்டை ஒட்டித் தென்லண்டனின் குரொய்டன் பக்கத்தில், மாயா வளர்ந்த மிச்சம் பகுதிக்கு அருகில் பிறந்தது. அதன் உயிரே அடியொலியில்தான். பெரியவர் தகரத்தைக் கேட்டார் என்றால், அவருடைய காதில் குற்றமில்லை. தகரம் மட்டும்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

கல்லடியில் முழுநிலா இரவில் பாடும் மீனைக் கேட்பவர்கள் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறுநுனியைக் காதில் வைப்பார்கள். வெறும் காதோடு தோணியில் இருந்தவர், ஒன்றும் கேட்கவில்லை, எல்லாம் கட்டுக்கதை என்று சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. துடுப்பு இல்லாமல் கேட்டார், அவ்வளவுதான். நான் ‘மாயா’வை முதலில் போனில் கேட்டு வெறுத்தேன். பிறகு ஒரு கலியாண வீட்டுக்கு வந்திருந்த பெரிய பொக்ஸ்களில், விருந்தெல்லாம் முடிந்தபின், சவுண்ட்காரத் தம்பியைக் கெஞ்சி இரண்டு பாட்டுப் போடச்செய்து கேட்டேன். மணலில் நின்ற என் கால் வழியாக ‘ஸ்டெப்பின் அப்’ ஏறியது. அதுவரை நான் சொல்லித்திரிந்த கருத்தில் பாதியை அன்றிரவு மாற்றிக்கொண்டேன்.

மறுபாதியை மாற்றவில்லை. அதற்குக் காரணம் சொல்லவேண்டும்.

இரைச்சலால் ஒரு வேலை செய்யலாம் என்று ஒப்புக்கொண்டால், அந்த வேலை எல்லாப் பாட்டிலும் நடந்ததா என்று கேட்கும் உரிமையும் நமக்கு வருகிறது. ‘மெட்ஸ் அண்ட் ஃபெட்ஸ்’ என்ற பாட்டு ஸ்லே பெல்ஸ் குழுவின் கிற்றார் முழக்கத்தை எடுத்துச் சுழற்றுகிறது. தொடங்கிய இடத்திலேயே நின்று முடிகிறது. உடுக்கு ஏறவேண்டிய இடத்தில் ஏறவில்லை. ‘டெக்கிலா’ ஆறு நிமிடத்துக்கு மேல் போகிறது, அதில் மூன்று நிமிடம் போதும். ‘இட் இஸ் வட் இட் இஸ்’ கேட்டு முடிந்ததும் மனதில் ஒன்றும் தங்குவதில்லை. ‘எக்ஸ்.எக்ஸ்.எக்ஸ்.ஓ.’ நல்ல மெட்டு, வானொலிக்கு ஏற்றது. ஆனால் அதில் பாடுகிறவர் யாராகவும் இருக்கலாம். ‘கலா’வில் எந்த நான்கு விநாடியைக் கேட்டாலும் இது அவர்தான் என்று சொல்லிவிடலாம்.

‘கலா’வை ஏன் திரும்பத் திரும்ப இழுக்கிறேன் என்றால், அங்கே இரைச்சலுக்கு ஊர் இருந்தது. அமெரிக்க விசா சிக்கலில் அவர் அலைந்த காலத்தில் செய்த தொகுப்பு அது. இந்தியா, அங்கோலா, திரினிடாட், ஜமேக்கா, லைபீரியா என்று பல நாடுகளில் பதிவானது. சென்னையில் உறுமி அடிப்பவர்களைக் கூட்டி வந்து பதிவு செய்த அடிகள் ‘பேர்ட் ஃப்ளூ’வில் முழங்குகின்றன. ஆள் அடித்த தோல் ஒலியும் பெட்டி அடித்த ஒலியும் ஒன்றையொன்று உரசின. ‘மாயா’ பெரும்பாலும் லொஸ் ஏஞ்சலிஸில் வீட்டுக்குள் உருவானது. கைக்குழந்தையோடு, இணையத்தின் முன்னால் இருந்து செய்தது. அட்டைப்படத்தில் அவர் முகத்தை யூடியூப்பின் ஓடும் கோடுகள் மறைத்துக் கிடக்கின்றன. ஊர் இல்லாத இரைச்சல் சீக்கிரம் களைப்பைத் தருகிறது. இது என் காதின் முறைப்பாடு. எதிரான கருத்தும் உண்டு: அந்த ஊரின்மைதான் தொகுப்பின் பொருள், அகதிக்கு மிஞ்சிய ஊர் கணினித் திரைதான் என்று சொல்வார்கள். அதில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். நியாயமான பொருளைச் சொல்லும் பாட்டும் களைப்பைத் தரலாம்.

பொருளைப் பற்றிச் சொல்லும்போது காலத்தையும் சொல்ல வேண்டும். 2009 பெப்ரவரி 8ஆம் திகதி, நிறைமாத வயிற்றோடு அவர் கிராமி விருது மேடையில் பாடினார். மூன்றாம் நாள் மகன் பிறந்தான். அதே வாரங்களில் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர் அதைப் பேசினார். மே மாதம் போரோடு எல்லாம் முடிந்தது. ஓகஸ்டில், கண்ணும் கையும் கட்டிய ஆண்கள் சுடப்படும் ஒளிப்பதிவை பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பியது. அடுத்த ஏப்ரலில் ‘போர்ன் ஃப்ரீ’ பாட்டுக்கு ரொமைன் கவ்ராஸ் எடுத்த ஒன்பது நிமிடப் படம் வந்தது. செந்நிறத் தலைமுடி உள்ள இளைஞர்களை மட்டும் தேடிப் பிடித்து ஏற்றிப்போய்க் கொல்கிறார்கள். யூடியூப் அதற்குத் தடையும் கட்டுப்பாடும் போட்டது. நிறத்தைப் பார்த்து, பெயரைப் பார்த்து, அடையாள அட்டையைப் பார்த்து ஆளை இறக்கி ஏற்றிய சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்த நமக்கு அந்தப் படம் உருவகமாகவே படவில்லை. வெளியில் உள்ளவர்களுக்கு அது மிகையாகப் பட்டது. நியூயோர்க் டைம்ஸின் சஞ்சிகை அவரைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரைக்குப் பிறகு, அவர் தின்ற உருளைக்கிழங்குப் பொரியல் பற்றியே பல வாரங்கள் விவாதம் நடந்தது. பாட்டைக் கேட்டவர்கள் அதற்குள் குறைந்துபோனார்கள்.

எம்.ஐ.ஏ. என்ற மூன்றெழுத்தும் போர்க்களத்தில் காணாமற் போனவரைக் குறிக்கும் இராணுவச் சொற்றொடரிலிருந்து வந்தது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு வீதியில் நிற்கும் தாய்மார் உள்ள மாவட்டத்தில் அந்தப் பெயரை வெறும் மேடைப் பெயராகக் கேட்க முடியாது.

இதனால்தான் நாம் அவரைக் குறை சொல்லத் தயங்குகிறோம். பேசியவர் ஒருவர், அவரையும் விமர்சிப்பதா என்ற தயக்கம். நான் சொல்வது இதுதான். அவர் பேசியதற்கு நன்றி சொல்லவேண்டிய இடம் வேறு. பாட்டை எடைபோடவேண்டிய இடம் வேறு. நன்றிக்காகப் பாட்டைப் புகழ்ந்தால் நன்றியும் குறைகிறது, பாட்டும் கேட்கப்படாமல் போகிறது. பஸ்ஸில் பெரியவர் “எங்கட புள்ளயா” என்று கேட்ட பிறகு பாட்டைக் கவனிக்கவே இல்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

இதன் மறுபக்கமும் உண்டு. தொகுப்பின் முதல் ஒலி ‘த மெசேஜ்’, ஒரு நிமிடம்கூட இல்லாத துண்டு. கையிலுள்ள போன் இணையத்தோடும், இணையம் கூகுளோடும், கூகுள் அரசாங்கத்தோடும் இணைந்திருப்பதாக அது சொல்கிறது. 2010இல் பல விமர்சகர்கள் இதைச் சிறுபிள்ளைத்தனமான சந்தேகம் என்று சிரித்தார்கள். 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க உளவு அமைப்பின் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். சிரித்தவர்களில் சிலர் தொகுப்பை மீண்டும் எடுத்துக் கேட்டார்கள். அவர் சொன்னது சரியாகப் போயிற்று என்பது உண்மை. அதனால் அந்தத் துண்டு இசையாக மேம்பட்டுவிட்டதா? எனக்கு அது அன்றும் சுலோகம், இன்றும் சுலோகம். சொன்னவர் சரி என்பதற்கும் பாட்டு நன்று என்பதற்கும் தனித்தனியாகத்தான் புள்ளி போடவேண்டும்.

ஒரு பாட்டில் மட்டும் என்னால் இந்தப் பிரிவைச் செய்ய முடியவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘லவ்அலொட்’ என்ற பாட்டு, 2010 மார்ச்சில் மொஸ்கோ சுரங்க ரயிலில் குண்டோடு வெடித்த தாகெஸ்தானைச் சேர்ந்த பதினேழு வயது விதவைப் பெண்ணின் செய்தியிலிருந்து பிறந்தது. அன்பு என்றும் கடவுள் பெயர் என்றும் இரண்டாகக் கேட்கும்படி அதன் முக்கியச் சொல் உச்சரிக்கப்படுகிறது. அந்தப் பெண்ணின் தலைக்குள் நம்மை இருத்திப் பார்க்கச் சொல்கிறது பாட்டு. அது கலைஞரின் உரிமை, தைரியமும்கூட. தாளம் இறுக்கமானது, குரல் கச்சிதம். ஆனால் 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு வகுப்பு முடிந்து நின்ற பிள்ளைகள் செத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை என்னால் முழுதாகக் கேட்க முடியவில்லை. பாட்டு மாறவில்லை, கேட்கும் இடம் மாறிவிட்டது. இங்கே தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள். அந்த இரண்டு அர்த்தச் சொல் நம் பஸ்ஸில் ஒலித்தால் யார் யார் முகம் எப்படிச் சுருங்கும் என்று லொஸ் ஏஞ்சலிஸ் வீட்டில் இருந்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்மேல் பழி போடவில்லை. என் தீர்ப்பில் இந்த இடம் காலியாகவே இருக்கும்.

இனிப் பிடித்தவற்றுக்கு வருவோம். ‘போர்ன் ஃப்ரீ’, நியூயோர்க்கின் சூசைட் என்ற இருவர் குழு 1977இல் வெளியிட்ட பாட்டின் துண்டை எடுத்து, நிஜ டிரம்ஸோடு மோதவிடுகிறது. கோபம் இங்கே சுலோகமாக இல்லை, வேகமாக இருக்கிறது. சொல் ஒன்றும் விளங்காதவருக்கும் கோபம் விளங்கும். ‘ஸ்டோரி டு பி டோல்ட்’ கனத்த அடியின்மேல் நடப்பது. ‘இட் டேக்ஸ் எ மசில்’, ஸ்பெக்ட்ரல் டிஸ்பிளே என்ற டச்சுக் குழு 1982இல் பாடியதை ரெகே நடையில் மறுபடி பாடியது. இத்தனை இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் முதன்முறையாகத் தளர்ந்து, ஒரு மனிதராகக் கேட்கிறது. கடைசிப் பாட்டு ‘ஸ்பேஸ்’ மிதக்கிறது, அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, இரவில் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் எனக்கு மேலாகப் படுவது ‘டெல் மீ வை’. அமெரிக்காவின் அலபாமாவில் வாத்தியம் எதுவும் இல்லாமல் ஊர்மக்கள் சதுரமாகக் கூடியிருந்து உரத்துப் பாடும் ஒரு தேவாலய மரபு இருக்கிறது. அவர்களுடைய பழைய ஒலிப்பதிவு ஒன்றிலிருந்து குரல் கூட்டத்தை வெட்டி எடுத்து, அதைத் தாளமாக்கி, அதன்மேல் மாயா பாடுகிறார். பயிற்சி பெற்ற குரல்கள் இல்லை அவை. வயல் வேலை செய்த தொண்டைகள். நம் கூத்தில் பிற்பாட்டுக்காரர் சேர்ந்து எடுத்துக் கொடுக்கும்போது உள்ள அதே முரட்டு நிறைவு அதில் உண்டு. ‘கலா’வில் இருந்த ஊர், ‘மாயா’வில் இந்த ஒரு பாட்டில் திரும்பி வந்திருக்கிறது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் விடிய விடிய ஆடிய மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிப் பேராதனைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றினார். 1964இல் ‘இராவணேசன்’ வந்தது, மௌனகுரு இராவணனாக ஆடினார். அது கூத்தைக் காப்பாற்றியது என்றும், களரியிலிருந்து பிடுங்கிவிட்டது என்றும் இரண்டு கருத்தும் நம்மிடையே இன்றும் இருக்கின்றன. ஒரே மனிதரே இரண்டையும் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அவரை யாரும் மழுப்புகிறார் என்று சொல்வதில்லை. கூத்துத் தெரிந்தவர் பேசுகிறார் என்கிறோம். தெரிந்த இடத்தில் இரண்டு மனம் இருப்பதை ஒப்புக்கொள்கிற நாம், புது இசையிடம் மட்டும் ஏன் ஒரே சொல் கேட்கிறோம்?

ஆகவே மருமகனே, உன் கேள்விக்குப் பதில். பன்னிரண்டு பாட்டில் ஆறு எனக்கு நல்ல பாட்டு: ஸ்டெப்பின் அப், போர்ன் ஃப்ரீ, ஸ்டோரி டு பி டோல்ட், இட் டேக்ஸ் எ மசில், டெல் மீ வை, ஸ்பேஸ். ஐந்து இல்லாவிட்டாலும் குறையில்லை. ஒன்றுக்கு என்னிடம் பதில் இல்லை. ‘கலா’வை முதலில் கேள், பிறகு இதைக் கேள். போனில் கேட்காதே. நல்ல ஹெட்போன் இரவல் வாங்கு, அல்லது அடுத்த கலியாண வீட்டில் பொக்ஸ் கழற்றுமுன் சவுண்ட்காரரிடம் கேட்டுப் பார்.

வாகரை பஸ்ஸில் அந்தப் பெரியவரை மறுபடி கண்டால் ‘டெல் மீ வை’யைப் போட்டுக் காட்டு. எங்கட புள்ள என்று முதலே சொல்லிவிடாதே. பாட்டு முடியட்டும்.